மூடிக்கு உள்ளே வைத்த பொட்டு

ஆரணி,
14.10.2024

அன்புத் தங்கை நர்மதாவுக்கு, அண்ணன் எழுதுவது. அம்மாவும் உன் அண்ணியும் நானும் நலம். உன் நலம் அறிய ஆவல். இங்கே பொன்னேரிப் பக்கம் மழை எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் கம்பெனி பஸ் வராது. பஸ் வராவிட்டால் உன் அண்ணி என்னை ஒட்டடை அடிக்க விடுவாள். ஆக, எனக்கு எப்படியும் விடிவு இல்லை.

போனில் பேசினால் அம்மா நடுவில் புகுந்து "எப்ப வர்ற" என்று அழத் தொடங்கிவிடுகிறாள். மெயிலில் எழுதினால்தான் நாம் இருவரும் முழுசாகப் பேச முடிகிறது. கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு கடிதம் தட்டிவிடுகிறேன்.

உனக்கு என்ன வேலை என்று சனிக்கிழமை வெங்கடேசன் கேட்டான். எங்கள் டிஸ்பாட்ச் செக்ஷனில் காண்ட்ராக்டில் பேக்கிங் செய்பவன், பொதட்டூர்பேட்டைக்காரன், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். எஸ்தோனியா என்று ஒரு நாடு, அதன் வெளியுறவுக் கொள்கை பற்றி அறிக்கை எழுதும் மையத்தில் என் தங்கை இருக்கிறாள் என்றேன். "அந்த நாட்ல எத்தினி பேருணா?" என்றான். பதிமூன்று, பதினாலு லட்சம் என்றேன். "நம்ப டிஸ்ட்ரிக்ட்ல பாதி கூட இல்ல. அத்த வெச்சிக்கினு இன்னா வெளியுறவு?" என்றான். என் தங்கையிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ சொல்லிக்கொடு.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. நாற்பத்தெட்டு மரப்பெட்டிகள் பேரிங் நிரப்பி, மூடாமல் நின்றன. வெங்கடேசன் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பொட்டு வைக்கக் கிளம்பிவிட்டான். "டேய், எக்ஸ்போர்ட் பொட்டிடா, வெளிய வெச்சா வாங்குற பார்ட்டி பேஜாரு பண்ணுவான். மூடிக்கு உள்ளாற வையி" என்றேன். அப்படியே வைத்தான். மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் மேலும் குங்குமம், நாற்பத்தெட்டு மூடியிலும். எந்த ஊரிலோ ஒரு வெள்ளைக்காரன் திறந்து பார்த்து முழிக்கப் போகிறான். நீ சிரிப்பாய் என்றுதான் எழுதினேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் அண்ணன்,
அன்புராஜ்


தாலின்,
20.10.2024

அன்புள்ள அண்ணா,

சிரித்தேன். இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். பொன்னேரி கல்லூரியில் அரசியல் எடுத்தபோது "இதப் படிச்சி இன்னா பண்ணுவ, வார்டு மெம்பரா?" என்று கேட்டவன் நீதான், இப்போது கம்பெனியில் என் பெருமை பேசுகிறாயா?

வெங்கடேசனிடம் சொல். பெரிய நாட்டுக்கு வெளியுறவு என்பது பத்து இலாகாவில் ஒன்று. சின்ன நாட்டுக்கு அதுதான் கதவுத் தாழ்ப்பாள். பக்கத்திலேயே ரஷ்யா. இவர்களை ஏறக்குறைய ஐம்பது வருஷம் விழுங்கி வைத்திருந்த நாடு. இந்த ஊரில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சைபீரியாவுக்கு ரயிலேற்றப்பட்ட ஒருவர் இருப்பார். அதனால் இவர்களுக்கு முதல் கவலை பாதுகாப்பு, அதோடு ஒட்டியே உக்ரைன். ரஷ்யாவுக்கு இன்னின்ன பொருள் போகக்கூடாது என்று ஐரோப்பா தடை போட்டிருக்கிறது, அது ஒழுங்காக நடக்கிறதா என்று எல்லையில் நின்று பார்ப்பவர்களும் இவர்கள்தான். இன்னொரு பக்கம் இந்தியா மாதிரி தூரத்து நாடுகளோடு நட்பும் வேண்டும். எங்கள் மையத்தில் நான் அந்த இந்தியப் பக்கம். யாரும் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. தேநீர் நன்றாக இருக்கிறது.

அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்.

உன் தங்கை,
நர்மதா


தாலின்,
23.01.2025

அன்புள்ள அண்ணா,

பொங்கல் எப்படிப் போனது என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். முடியவில்லை. நேராகக் கேட்கிறேன். ஆயுத பூஜை அன்று பொட்டு வைத்த அந்த நாற்பத்தெட்டு பெட்டிகள் எந்த ஊருக்குப் போயின?

இந்த நாட்டுச் சுங்கத்தார் ரஷ்ய எல்லையில் ஒரு லாரியை நிறுத்தியிருக்கிறார்கள். கிர்கிஸ்தானுக்குப் போகிற சரக்கு, ரஷ்யா வழியாகக் கடந்து போகிறது, அவ்வளவுதான் என்று காகிதம் சொல்கிறது. பெட்டிகளின் மேல் ஸ்டிக்கர், விவசாய பம்ப் பாகங்கள் என்று. உள்ளே பேரிங். அப்படிக் கடந்து போவதாகச் சொல்லும் சரக்கு பாதி வழியில் ரஷ்யாவிலேயே இறங்கிவிடுகிறது என்பதுதான் இவர்களுடைய பெரிய தலைவலி. ஒரு பெட்டியின் மூடியைப் படம் எடுத்து எங்கள் மையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூடிக்கு உள்ளே மூன்று சந்தனப் பொட்டு, மேலே குங்குமம்.

இது உங்கள் பெட்டி இல்லை என்று எழுது, அண்ணா. நம்பிக்கொள்கிறேன்.

நர்மதா


ஆரணி,
26.01.2025

அன்புத் தங்கை நர்மதாவுக்கு,

குடியரசு தின லீவில் நிம்மதியாக உட்காரலாம் என்றால் உன் கடிதம் வந்து நிற்கிறது. நாங்கள் பேரிங் அனுப்பினோம், குண்டு அனுப்பவில்லை. கும்மிடிப்பூண்டியில் செய்த பேரிங் கரும்பு மெஷினிலும் சுற்றும், கப்பலிலும் சுற்றும். வாங்கியவன் எங்கே மாட்டுகிறான் என்று கூடவே போய்ப் பார்க்க முடியுமா? அவர்கள் போட்ட தடை அவர்கள் ஊருக்கு. நம் நாடு ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கவில்லையா?

ஸ்டிக்கர் பற்றி எனக்குத் தெரியாது. பெட்டி எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போடுவதோடு என் வேலை முடிந்தது.

பொட்டு என்றால் எங்கள் கம்பெனிதானா? அம்பத்தூர் முதல் ஓசூர் வரை எந்தக் கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காமல் இருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் எல்லோரும் வைப்பார்கள், எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிவிடு. அது பொய்கூட இல்லை.

நீ இதுவரை வாய் திறக்கவில்லையே? அதை மட்டும் உடனே எழுது. இங்கே முந்நூற்று நாற்பது பேர் வேலை செய்கிறோம். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

அண்ணன்,
அன்புராஜ்


தாலின்,
02.02.2025

அன்புள்ள அண்ணா,

பேரிங் என்று லேசாகச் சொல்கிறாய். பீரங்கி வண்டியும் பேரிங் இல்லாமல் உருளாது. தடைப்பட்டியலில் அது மேலே இருப்பதற்குக் காரணம் அதுதான். நம் நாடு எண்ணெய் வாங்குவது திறந்த வாசல் வழியாக. பம்ப் பாகம் என்று பொய் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது நம் சுங்கத்துக்கும் குற்றம்தான்.

இவர்களிடம் பெரிய படை கிடையாது. எழுதி வைத்த சட்டத்தை எல்லோரும் மதித்தால்தான் இந்த நாடு நாளைக் காலை இதே இடத்தில் இருக்கும். எழுதிய காகிதம் பொய்யானால் இவர்கள் விடாமல் துருவிப் பார்க்கிறார்கள். இங்கே இருந்து பார்த்த பிறகு நானும் அப்படித்தான். என்னுடன் வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் உக்ரைனிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். அந்தச் சின்னப் பெண் மேல்மாடி வீட்டில் நாற்காலி நகர்ந்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

உனக்கு ஸ்டிக்கர் பற்றித் தெரியுமா, தெரியாதா? யோசித்து எழுது. தெரியாது என்று எழுதுவதானால், அடுத்த தடவை கேட்டாலும் அதையே எழுத முடிகிற மாதிரி எழுது.

நர்மதா


ஆரணி,
16.02.2025

நர்மதா,

புதன்கிழமை இரண்டு பேர் கம்பெனிக்கு வந்தார்கள். ஒரு அம்மாள் டெல்லியில் இருக்கும் உங்கள் எஸ்தோனியத் தூதரகத்து ஆள். கூட வந்தவர் எங்கள் சரக்கில் பாதியை வாங்கும் ஜெர்மன் பார்ட்டியின் ஆள். யாரும் குரலை உயர்த்தவில்லை. காபி நன்றாக இருக்கிறது என்றார்கள். எங்கள் மேனேஜர் பாக்கியநாதன் அரை மணி நேரம் சிரித்த வாய் மூடாமல் சிரித்தார். விளக்கம் எழுத்தில் வராவிட்டால் ஏப்ரலிலிருந்து ஆர்டர் இல்லை என்று அந்த ஜெர்மன்காரர் எழுந்திருக்கும்போது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் பாக்கியநாதனுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

அதற்காக இதை எழுதவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். "உங்கள் கம்பெனியில் மூடிக்கு உள்பக்கம் பொட்டு வைப்பது வழக்கமாமே?"

அது எங்கள் வழக்கம் இல்லை, நர்மதா. மற்ற வருஷமெல்லாம் வெளியேதான் வைப்போம். அன்றைக்கு ஒரு நாள் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், வெங்கடேசன் செய்தான். அதை நான் உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. டீக்கடையில் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் எழுதினேன், அதுவும் நீ சிரிப்பதற்காக.

நீ வாய் திறக்கவில்லையே என்று கேட்டிருந்தேன். அடுத்த கடிதம் முழுக்கப் படித்தேன், அதற்கு மட்டும் பதிலே இல்லை.

உன் நாடு சின்ன நாடு, அதற்குச் சட்டம்தான் காவல் என்கிறாய். சரி. நான் அதைவிடச் சின்ன ஆள். எனக்கு எது காவல்?

அன்புராஜ்


தாலின்,
17.02.2025

அண்ணா,

நான்தான் சொன்னேன்.

பெட்டியைப் பற்றி உனக்கு முதலில் எழுதுவதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன். உன் பெட்டியா என்று கேட்டது எல்லாம் நடந்து முடிந்த பிறகு கேட்டது. கோழை மாதிரி கேட்டேன்.

கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தோம். அந்த மூடியைத் திரையில் போட்டார்கள். ஒருவர் ரத்தமா என்றார். இன்னொருவர் கடத்தல்காரர்களின் அடையாளக் குறி என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டரை வருஷமாக இங்கே என்னிடம் எனக்குத் தெரிந்ததை யாரும் கேட்டதில்லை, அண்ணா. எல்லாமே அவர்களுக்குத் தெரிந்தது, நான் கற்றுக்கொள்ள வேண்டியது. அன்றைக்குத்தான் அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று வந்தது. எழுந்து நின்று ஆயுத பூஜை பற்றிச் சொன்னேன். தேதி சொன்னேன். என் அண்ணன் கம்பெனியில் பார்ட்டி திட்டுவான் என்று மூடிக்கு உள்ளே வைத்தார்கள் என்று உன் கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். வீட்டைப் பற்றிப் பேசுகிற சந்தோஷத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அடுத்த படம் வந்தது. பெட்டிக்குள் ஒட்டியிருந்த சோதனைச் சீட்டு. கம்பெனி பெயரைக் கிழித்திருந்தார்கள், கீழே கையெழுத்து மிச்சம் இருந்தது. அப்பா போன பிறகு என் ரேங்க் கார்டில் நீ போட்ட அதே கையெழுத்து. அதற்குள் பக்கத்தில் இருந்தவர் கம்பெனியின் பெயரைக் கேட்டார். நான் வாய் தவறி ஏற்கெனவே சொல்லியிருந்தேன். சரிபார்ப்பதற்காகக் கேட்டார்.

ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது நீயாக இருக்க முடியாது, மேலே இருந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதை எடுத்து வைத்தால் நீ தப்பிக்கலாம். தயவுசெய்து எழுது.

நர்மதா


ஆரணி,
01.03.2025

நர்மதா,

பன்னிரண்டு நாள் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்டிக்கர் விஷயம் எனக்குத் தெரியும். பூஜைக்கு மறுநாள் பாக்கியநாதன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கம்பெனி பெயரை எடுத்துவிடு, பம்ப் பாகம் என்ற ஸ்டிக்கரை ஒட்டு என்று. அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பேன் என்றுதான் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஸ்டிக்கர் கட்டை வெங்கடேசன் கையில் கொடுத்தேன், அவன் ஒட்டினான். அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பாக்கியநாதன் கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தார். "அன்பு, நீ இத்தினி வருஷம் இருந்துட்ட, உன்ன விட மாட்டேன். வெங்கடேசன் ஸ்டோர்ல கெடந்த வேற ஸ்டிக்கர எடுத்து ஒட்டிட்டான், நீ கவனிக்கல. அத்த எழுதிக் குடு. உனக்கு ஒரு மெமோ, அதோட முடிஞ்சிது" என்றார். அவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "அவன் காண்ட்ராக்ட்டுபா" என்றார். சுங்கத்தில் கேஸ் வந்தால் அவன் பேரில் வரும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டேன்.

நேற்று வெங்கடேசனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வரை வெளியே நின்றிருக்கிறான். ஷிஃப்ட் விட்டு நான் வந்ததும் கூடவே நடந்து வந்தான். "நீ குடுத்தத தானேணா ஒட்டுனேன்? அதுல இன்னா எழுதிகிதுன்னு எனக்கு இன்னாணா தெரியும்? உள்ள போயி ஒரு வார்த்த சொல்லுணா" என்றான். பஸ் கிளம்புகிறது என்று சொல்லி ஏறிவிட்டேன். கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவன் ஜன்னலுக்குக் கீழேயே நின்றான்.

சின்ன ஆளுக்கு எது காவல் என்று உன்னைக் கேட்டேன். நானே கண்டுபிடித்துவிட்டேன். அவனைவிடச் சின்ன ஆள்.

இதை நீ யாரிடமும் காட்டமாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அண்ணன்,
அன்புராஜ்


தாலின்,
06.03.2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அச்சடித்து ஐந்து நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

கம்பெனி அனுப்பிய விளக்கம் எங்கள் மையத்துக்கும் வந்தது. ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரு பக்கம். எங்கள் தலைவர் படித்துவிட்டு நல்லது, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். ஐரோப்பாவும் இந்தியாவும் வர்த்தகப் பேச்சில் இருக்கும்போது சத்தம் போடாமல் தீர்வது எல்லோருக்கும் வசதி என்பது அவர் எண்ணம். அறிக்கையை எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். உனக்கு வசதி, பாக்கியநாதனுக்கு வசதி, எனக்கும்தான். அந்த விளக்கம் உண்மை என்று நான் இரண்டு வரி எழுதினால் நீ தப்பித்தாய், நானும் உன்னைக் காட்டிக்கொடுத்த பாவத்திலிருந்து தப்பித்தேன்.

எழுத உட்கார்ந்தேன், அண்ணா. வெங்கடேசன் என்ற பெயரை இங்கிலீஷில் தட்டினேன். பதிமூன்று லட்சம் பேர் உள்ள இந்த நாட்டுக்கு எதற்கு வெளியுறவு என்று கேட்டவன் அவன். பதில் சொல்லி அனுப்பியவள் நான். மேற்கொண்டு விரல் ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். அதற்குள் நீயே போய் அந்த மெசேஜைக் காட்டி, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கு. சுங்க அதிகாரியிடமே போ, பாக்கியநாதனிடம் போகாதே. நீ போகாவிட்டால் உன் கடிதத்தை அறிக்கையோடு சேர்த்துக் கொடுப்பேன். மிரட்டுகிறேன் என்றால் மிரட்டல்தான். எழுதிவிட்டு அழுதேன், ஆனால் அழித்துவிடவில்லை.

என்னைப் படிக்க அனுப்ப நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் தங்கை,
நர்மதா


ஆரணி,
10.03.2025

நர்மதாவுக்கு,

உங்கள் பத்து மணி என்பது எங்கள் ஒன்றரை மணி. நான் ஒன்பதரைக்கே சுங்க அலுவலகத்துக்குப் போய்விட்டேன். போனைக் கொடுத்தேன். ஸ்டிக்கரை நான்தான் கொடுத்தேன், தெரிந்தே கொடுத்தேன், வெங்கடேசன் மேல் தவறில்லை என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அதிகாரி வெங்கடேசனையும் வரவழைத்து அவன் சொன்னதையும் எழுதிக்கொண்டார். அவன் பேரில் கேஸ் வராது என்றார். என் பேரில் வரலாம். கம்பெனியிலிருந்து பகலிலேயே மெயில் வந்துவிட்டது, நாளை முதல் வரவேண்டாம் என்று. ஜெர்மன்காரன் ஆர்டர் என்ன ஆகும் என்று தெரியவில்லை. மற்றவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றும் தெரியவில்லை. அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

நீ எழுதாவிட்டால் நான் போயிருக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, நீ சும்மா சொல்கிறாய், கொடுக்கமாட்டாய் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். என் தங்கை எழுதுவாள், ஆனால் செய்வாளா என்று. பிறகு நீ செய்வாய் என்று தோன்றியது. அதனால் எழுந்து போனேன். அண்ணன் நல்லவன் என்று யாரிடமும் சொல்லாதே.

நானும் வெங்கடேசனும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷன் வந்தோம். இறங்கும்போது "வரேன்" என்றான். அண்ணா என்று சொல்லவில்லை.

நீ செய்தது சரி. முதல் தடவை தெரியாமல் செய்தாய், இரண்டாம் தடவை தெரிந்து செய்தாய், இரண்டும் போய் நின்ற இடம் சரியான இடம்தான். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது போய்விடும். ஆனால் இதைத் தட்டும்போதே ஒவ்வொரு வரியையும் யார் படிப்பார்கள் என்று யோசித்து யோசித்துத் தட்டுகிறேன். பூஜை, பொட்டு, மழை, பஸ் என்று வாய்க்கு வந்ததை உனக்கு எழுதிய கை இனி ஓடாது. சரியாக நடக்கிற மனுஷிக்கு வீட்டுக் கதை எழுத முடியவில்லை, நர்மதா. அது உன் தப்பு இல்லை.

மெயில் ஐடியை மூடப்போகிறேன். அம்மாவுக்கு அவள் போனில் பேசு. லீவு கிடைத்தால் ஊருக்கு வா. மீன் வாங்கி வருகிறேன், உட்கார்ந்து சாப்பிடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். எழுத மட்டும் மாட்டேன்.

அன்புராஜ்